ஆச்சிக்கு உப்புக் குறைச்சல்

பங்காளிக்கு,

பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடாதவன் இவ்வளவு நீளமாக எழுதுகிறானே, கடன் கேட்கப் போகிறான் என்று நினைக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். என் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது.

விஷயம் நம் கூட்டாளி ‘அரை டிக்கெட்’டின் அம்மாவைப் பற்றி. நம் பந்தை அரிவாள்மணையில் இரண்டாக அறுத்துக் கொடுத்த அதே ஆச்சிதான். பிப்ரவரி 4 திருநாளுக்கு ஓரியூர் நடந்துபோய், 1693இல் புனித அருளானந்தர் தலை வெட்டுப்பட்ட இடத்துச் செம்மணலை நெற்றியில் பூசிக்கொண்டு வந்தேனா, மறுநாள் காலையில் ஆச்சி வளவில் வழுக்கி விழுந்த சத்தம். வேறு யாராவது போவார்கள் என்று மதிலுக்கு இந்தப் பக்கமே ஒரு நிமிஷம் நின்றேன். முருங்கைமரச் சண்டையில் நாலு வருஷமாகப் பேச்சில்லையே! அந்த ஒரு நிமிஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கால் எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது. வேலைக்கு வரும் பெண் சாயங்காலமே போய்விடுகிறாள், அப்புறம் அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். ராத்திரிக் கஞ்சி தூக்குச்சட்டியில் நான் கொண்டுபோகிறேன். தினமும் ‘உப்புக் குறைச்சல்’ என்கிறார். உப்புப் போட்டால் ‘எனக்கு பிரஷர் இருக்கு தெரியாதா?’ இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியனுக்கென்ன, வழியில் அடிபட்டுக் கிடந்தவன் வாயே திறக்கவில்லை, இவனும் மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். எனக்கு இது பதினேழாவது நாள். உண்மையைச் சொன்னால், தூக்குச்சட்டிதான் போகிறது, அன்பு போகவில்லை.

முதன்மையான கட்டளை எது என்று ஒருவர் கேட்டதற்கு இயேசு இரண்டைச் சேர்த்துச் சொன்னாரே, அதில் இரண்டாவது பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியர் 19:18இல் இருப்பது. நேற்று எடுத்துப் பார்த்தேன். அடுத்திருப்பவரை நேசி என்பதற்கு முன்னாலேயே, அதே வசனத்தில், பழிவாங்காதே, மனதில் வன்மம் வைக்காதே என்று இருக்கிறது. இத்தனை வருஷம் கோவிலில் வாசகம் வாசித்தவன், பின்பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். முருங்கைக்காய் இப்போதும் என் பக்கம்தான் விழுகிறது, இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் அரை டிக்கெட் என் போனை எடுப்பதில்லை. நீ பேசினால் கேட்பான். வரச் சொல்ல வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிடச் சொல். ஆச்சி கேட்டதாகச் சொல்லிவிடாதே, அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். போனை எடுத்துக் கையில் கொடுக்க அந்த நேரத்துக்கு நான் அங்கேதான் இருப்பேன்.