கார்த்திகை விளக்கீட்டுக்கு வராத விளக்குக்கூட்டுப் பொதிகள் தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா அல்லது அம்மணி,

வணக்கம். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதுகிறேன். ஓடர் இலக்கம் உங்கள் கணினியில் இருக்கிறது. அழைக்கும்போதெல்லாம் அதை என்னிடமே கேட்டீர்கள், இம்முறை நீங்கள் தேடிப் பாருங்கள்.

நிலாவெளியில் எங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்காக, காகித விளக்குக் கூடு கட்டும் பொருட்கள் அடங்கிய உங்கள் பெரிய பொதிகளை ஐப்பசி பிறந்ததுமே முழுப் பணமும் கட்டி ஓடர் செய்தேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து கூடு கட்டுவதாக ஏற்பாடு. திருகோணமலையில் அது வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். வாசலில் ஏற்றும் சிட்டி விளக்கைக் கடற்காற்று ஒரு நிமிடம் விட்டுவைக்காது. ஆகவே விறாந்தையில் காகிதக் கூடு, அதற்குள் பற்றறி விளக்கு என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கோவில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும்போது கூடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்கவும் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையைத்தான் நீங்கள் ஏமாற்றியிருக்கிறீர்கள்.

பொதி எங்கே என்று கேட்டபோது உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "வெசாக் மே மாதம்தானே அம்மா, இப்போது என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இது பௌத்தர்களின் வெசாக்குக்கு அல்ல, எங்கள் கார்த்திகை விளக்கீட்டுக்கு என்றேன். "அப்படி ஒன்று எங்கள் பட்டியலில் இல்லையே" என்றார். பின்னால் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. உங்கள் இணையத்தளத்தில் "எல்லாப் பண்டிகைகளுக்கும், இலங்கை முழுவதற்கும்" என்று போட்டிருக்கிறீர்களே, அது எந்தப் பட்டியல்? கார்த்திகை அவருக்குத் தெரியாதது குற்றமல்ல. எங்கள் பிள்ளைகளுக்கும் வெசாக் கூடு பிடிக்கும், மே மாதத்தில் நகரத்துக்குக் கூட்டிச் சென்று காட்டியிருக்கிறோம். தெரியாத ஒன்றைக் கேட்டறியாமல் சிரித்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த உரையாடல் பதிவு செய்யப்படுவதாக ஆரம்பத்தில் ஒரு குரல் சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

கூரியர் விடயத்தை விட்டுவிட்டேன். பொதி கந்தளாயைத் தாண்டிவிட்டது, நகரத்து அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள்தான். அடைமழையில் உப்புவெளி வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "முகவரி தெளிவில்லை, திருப்பி அனுப்பியாயிற்று" என்றார். உங்கள் படிவம் தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. அதனால் முகவரியை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதுவும் தெளிவில்லை என்றால் வேறு எந்த மொழியில் எழுத வேண்டும்?

கடைசியில் பொதிகள் வந்து சேர்ந்தன, சொக்கப்பனைச் சாம்பல் மழையில் கரைந்து போன பிறகு. அதற்குள் பிள்ளைகள் ஈர்க்கையும் ரிசுத் தாளையும் வைத்து ஏதோ கட்டிப் பார்த்திருந்தார்கள். ஈரக்காற்றில் கோதுமை மாப் பசை காயவே இல்லை, தாளின் சாயம் விரல்களில் ஒட்டியதுதான் மிச்சம்.

வந்த பொதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குச்சிகளை இணைக்கும் கவ்விகளில் வெள்ளை அல்லாதவை சரியில்லை. மூங்கில் குச்சி அவற்றின் துளையில் நிற்காமல் நழுவுகிறது. செய்முறைத் தாளில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. இவற்றைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் விளக்கின் அடி மூடியில் திருகாணி இல்லை, நகத்தால் நெம்பினாலே திறக்கிறது. உள்ளே இருப்பது சில்லறைக் காசு போன்ற மூன்று வோல்ற் பற்றறி. சின்னப் பிள்ளை அதை விழுங்கி, தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். பிள்ளைகளின் கைவேலைக்கென்று விற்கும் பொருளில் இதைக்கூடவா கவனிக்க மாட்டீர்கள்? அவை நேரத்துக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே கை நடுங்குகிறது.

பிறகு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். வருத்தம் தெரிவித்து, விலைக்கழிவுக் கூப்பன் ஒன்றும் இணைத்திருந்தீர்கள். மே மாதத்தில் மட்டும் செல்லுபடியாகும் கூப்பன்! அந்தச் சிரிப்புக்காரர்தான் இதையும் தயாரித்தாரோ என்னவோ.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஒருநாள் தமிழில் பேசிய ஒரு தங்கை உண்மையாகவே தேடிப் பார்த்துச் சொன்னார். அவருக்காகவே இவ்வளவு பொறுமை காக்கிறேன். பொதிகளின் முழு விலையும், கூரியர் கட்டணமும், பஸ் செலவும் திருப்பித் தரப்பட வேண்டும். சிரித்தவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஓர் ஊரின் கார்த்திகையையே பாழாக்கியதற்கு நட்டஈடும் வேண்டும். தொகையை முதலில் நீங்கள் சொல்லுங்கள், குறைவாக இருந்தால் நான் சொல்லுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். 1977 என்ற அவர்களின் இலக்கத்துக்கு அழைப்பதோடு நிற்கமாட்டேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். அந்த அவகாசம் இன்னும் முடியவில்லை. பற்றுச்சீட்டு, குறுஞ்செய்திகள், மூடி திறந்த விளக்கின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பொதிகளை வாசிகசாலை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். எடுத்துப்போக நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். அந்தக் கூரியர் அலுவலகத்தின் படியை நான் இனி மிதிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
நிலாவெளியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்