வான்கோவின் வானம் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரைக்கு அலங்காரமாக வான்கோவின் இரண்டு ஓவியங்கள் வந்திருந்தன. இரண்டும் 'டில்ட் ஷிஃப்ட்' முறையில் மாற்றப்பட்டவை. மேலும் கீழும் மங்கலாக்கி, நடுவே ஒரு பட்டையை மட்டும் துல்லியமாக விட்டு, வண்ணத்தைச் சற்றுத் தூக்கிவிட்டால் ஊரே கொலுப் படியில் வைத்ததுபோல் ஆகிவிடும். மிக அருகில் வைத்து எடுக்கும் சிறு பொருளுக்குத்தான் முன்னும் பின்னும் அப்படி மங்கும் என்பதால் கண் ஏமாறுகிறது. இந்த முறைக்குப் பெயர் தந்ததே 'டில்ட் ஷிஃப்ட்' லென்ஸ். கீழிருந்து எடுத்தால் படத்தில் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுமே, அதை நிமிர்த்தி எடுக்கவும் அதே லென்ஸ்தான். ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால் இந்த விளையாட்டை ரசிக்கவே செய்தேன்.

1888இல் பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு வெளியே வரைந்த அறுவடைக் காட்சிக்கு இது அபாரமாகப் பொருந்துகிறது. உயரத்திலிருந்து பார்த்த சமவெளி, நடுவில் நீல வண்டி. ஆனால் 1889இன் 'விண்மீன் இரவு'? அதில் பெரும்பகுதி வானம்தான். தடித்த வண்ணத்தில் தூரிகை சுழன்ற தடங்கள்தான் அந்த வானம். மென்பொருள் அவற்றையே துடைத்துவிட்டது. சைப்ரஸ் மரத்தின் நடுப்பகுதி துல்லியம், நுனி மங்கல்! நிஜப் பொம்மை ஊரைப் படமெடுத்தால்கூட ஒரே மரம் இப்படி இரண்டாகாது.

ஓவியத்தைத் தொடவே கூடாது என்பவன் அல்லன் நான். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்களில் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி மாட்டிய வீடுகள் உண்டு. ஒட்டியது எது, அச்சு எது என்று குழந்தைக்கும் தெரியும். மங்கலாக்கியது அப்படித் தெரிவதில்லை. உங்கள் படக்குறிப்பில் ஓவியத்தின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. மாற்றப்பட்டது என்ற ஒரு சொல் மட்டும் இல்லை.

ரவிவர்மாவின் அசலைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் வரை போனால் போதும். 'விண்மீன் இரவு' இருப்பதோ நியூயார்க்கில். நம் வாசகர்களில் பலருக்கு உங்கள் தாளில் வருவதுதான் வான்கோ. இனி இப்படி வெளியிட்டால் மூல ஓவியத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். இடம் போதாவிட்டால் மாற்றிய படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
திருவல்லிக்கேணி, சென்னை