ஹீட்டர் விலை 8,750. ஆன செலவு 13,500

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாகத் தள்ளுபடி விளம்பரம் வருகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வாட்டர் ஹீட்டரும் இருக்கும், அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு விலை. அந்த விலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ராஜாக்கமங்கலம் பக்கத்தில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. மாமியாருக்கு 84 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சாரல் நாளில் அவர் மேலில் பச்சைத் தண்ணீர் பட்டால் அன்றைக்கு ராத்திரி முழுக்க வலி. அதற்காகத்தான் 2019 ஓணத் தள்ளுபடியில் வாங்கிய 15 லிட்டர் ஹீட்டரை அவர் குளிமுறிக்கு மாற்றினோம். டேங்குக்கு 7 ஆண்டு வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ஆறு ஆண்டு நிறையவில்லை. ஆனி மாதம் ஒரு காலையில் ஹீட்டரின் அடியிலிருந்து துருத் தண்ணீர் சொட்டியது. இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். ஆள் வந்தார், பேனா மாதிரி ஒரு கருவியைக் குழாய்த் தண்ணீரில் முக்கினார், லிட்டருக்கு 780 மில்லிகிராம் உப்பு என்று காட்டியது. "உங்க தண்ணியில உப்பு கூடுதல், வாரண்டி கிடைக்காதும்மா" என்றார். வாரண்டிப் புத்தகத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதாம். உண்மைதான், இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில்.

கடற்கரை ஊரில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று விற்கிறவருக்குத் தெரியாதா? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். மனுஷர் குடிக்கலாம் என்று அரசு சொல்கிற தண்ணீருக்கு ஹீட்டர் வாரண்டி இல்லை என்றால், அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

சரி, புதிது வாங்கலாம் என்று போனோம். தள்ளுபடி போக 8,750 ரூபாய். அதில் ஏறக்குறைய 1,335 ரூபாய் ஜிஎஸ்டி. 2018 ஜூலையில் ஹீட்டருக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், நல்லது. ஆனாலும் முதியவர்களும் பேறுகாலப் பெண்களும் இருக்கிற வீட்டில் வெந்நீரைச் சொகுசாக நினைக்க என்னால் முடியவில்லை.

அந்த 8,750-க்கு மேல்தான் மீதி எல்லாம் வந்தது. இரண்டு கனெக்‌ஷன் பைப்பும் பொருத்தும் கூலியும் 700. கடல் காற்றில் பழைய வால்வு இறுகிப்போய், திருகும்போதே உடைந்துவிட்டது. இரண்டு வால்வு 700. சுவரில் இருந்த போல்ட்டும் துருப்பிடித்து ஒடிந்ததால் டைல்ஸில் புதிதாகத் துளை போட்டார்கள், பிளம்பருக்கு 900. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கருகியிருந்தது. 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் கரண்டை இழுக்கும். ஈரக் கையோடு நாம் நிற்கிற இடம் வேறு. எர்த் வயர் வெளியே அரித்துப்போயிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைகிற எம்சிபி சுவிட்ச் எல்லாம் 1,650, எலக்ட்ரீசியன் கூலி 600. ஆட்டோ 200. மொத்தம் 13,500 ரூபாய். எர்த்துக்குக் கொடுத்த காசில் எனக்கு வருத்தமே இல்லை; யாரும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பணம் புரட்டப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை புறவாசலில் சிரட்டையும் கொதும்பும் போட்டு அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, மழை நனைத்த தரையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கும் 62 வயது. வாளிக்குள் போடுகிற கம்பி ஹீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கு என்று பலரும் சொன்னார்கள். சுவிட்சை அணைக்காமல் சூடு பார்க்கக் கையை விட்டால் உயிரே போகலாம். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு அதை நான் கொண்டுவர மாட்டேன்.

பழைய டேங்கைப் பிளம்பர் திறந்து காட்டினார். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பக்கத்தில் விரல் தடிமனுக்கு இருந்திருக்க வேண்டிய ஒரு மெக்னீசியம் கம்பி, நடுவில் இருக்கும் மெல்லிய இரும்பு மட்டும் மிஞ்சி, ஈர்க்குச்சி மாதிரி நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. சின்னமுட்டம் துறைமுகத்தில் படகு (போட்டு) டிரைவராக இருந்த என் தம்பிதான் சொன்னான்: "இரும்பு போட்டுக்கு அடியில ஜிங்க் கட்டி வைப்போம் இல்லியா அக்கா, அதே வேலைதான் இது. உப்புத் தண்ணி முதல்ல அந்தக் கட்டியத்தான் தின்னும், போட்டைத் தொடாது. கட்டி தீருமுன்ன மாத்திரணும்."

அந்தக் கம்பியைக் கழற்றி மாட்ட முடியும். விலை 450 ரூபாய் என்றார் பிளம்பர். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டுமாம். இந்த ஆறு ஆண்டில் ஒரு முறை கூட ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டேங்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். கடலோடிகள் வாழ்கிற ஊரில், தம்பிக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், ஹீட்டருக்கும் பொருந்தும் என்று சொல்ல ஆளில்லாமல் 13,500 ரூபாய் போயிற்று.

பெட்டியின் மேல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விவரம் அச்சிட்டால் சட்டப்படி போதுமாம். தமிழிலும் அச்சிடத் தடை ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் ஒரு துண்டுத் தாளிலாவது எழுதிக் கொடுக்கட்டும்: எவ்வளவு உப்பு வரை வாரண்டி உண்டு, கம்பியை எப்போது பார்க்க வேண்டும், பொருத்தி முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகும். மணவாளக்குறிச்சியிலும் முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் வாங்குகிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். வாங்கப் போகிறவர்களும் "எங்க கிணத்துத் தண்ணிக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாரண்டி மறுத்ததற்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

புது ஹீட்டரின் பக்கவாட்டில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதச் சொன்னேன். பிளம்பர் அடுத்த ஆனியில் கம்பியைத் திறந்து பார்க்க வருகிறேன் என்றார். மாமியார் முதல் நாள் குளித்துவிட்டு, "சூடு போதும் மக்களே" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி மாவட்டம்