ஆட்டம் எங்கன்னே பாக்காம பார்ட்ஸ் மாத்தி பில்லு போட்டது பத்தி புகார்

வணக்கம் சார்,

உங்க சர்வீஸ் சென்டர்ல என் ஸ்னோமொபைல (பனியில ஓட்டுற வண்டி) விட்டப்போ ஜாப் கார்டுல தெளிவாதான் எழுதிக் குடுத்தேன், இடது ஸ்கீ (முன்னாடி பனியில வழுக்கிப் போற பட்டை) ஆடுது, ஹேண்டில நேரா புடிச்சாலும் வண்டி அலையுது, மேடு பள்ளத்துல முன்னாடி டக் டக்னு தட்டுதுன்னு. அதுக்கு டை ராடு எண்ட் (ஹேண்டில் திருப்புறத ஸ்கீக்கு கொண்டு போற கம்பியோட முனை), புது கார்பைடு (ஸ்கீக்கு அடியில மாட்டுற கடின உலோகப் பட்டை), அலைன்மென்ட் (ஸ்கீ ரெண்டையும் நேரா செட் பண்றது)னு ஒரு பில்லு. சத்தம் போகலன்னு திரும்ப கொண்டு வந்தா பால் ஜாயிண்ட் (ஸ்கீ பக்கம் இருக்குற உருண்டை மூட்டு)னு இன்னொரு பில்லு. டக் டக் அப்படியேதான் இருக்கு. கழட்டுன பழைய பால் ஜாயிண்ட காட்டுங்கன்னா தூக்கிப் போட்டாச்சாம்.

சரின்னு நானே பாத்தேன். முன்பக்கத்த ஜாக்கில தூக்கி ஸ்கீ ரெண்டும் தரையில படாம வச்சு, ஒருத்தர ஹேண்டில அசையாம புடிக்கச் சொல்லிட்டு, ஒரு கையால ஸ்கீய ஆட்டி இன்னொரு கை விரல ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் வச்சுப் பாத்தேன், பால் ஜாயிண்ட்ல ஒண்ணுமில்ல, டை ராடுலயும் இல்ல, கீழ் ஏ-ஆர்ம் (ஸ்கீய வண்டியோட இணைக்குற A வடிவ கை) சேசிஸ்ல மாட்டுற எடத்துல விரல் வச்சா அங்கதான் குதிக்குது. ஷாக் அப்சார்பரோட கீழ் போல்ட்ட கழட்டினதும் இன்னும் நல்லா தெரிஞ்சுது, ஏன்னா ஸ்பிரிங் ஆர்ம ஒரு பக்கமா அழுத்தியே வச்சிருக்கும், அதுல பாதி ஆட்டம் மறைஞ்சிரும். இது உங்க மெக்கானிக்குக்கு தெரியாதா?

அந்த ஆர்ம் போல்ட்ட உருவிப் பாத்தா ஸ்லீவ் (போல்ட் மேல மாட்டுற உலோகக் குழாய்) உக்கார்ற எடத்துல பளபளன்னு தேஞ்சு நகம் மாட்டுற அளவுக்கு பள்ளம். போல்ட் ஸ்லீவ இறுக்கிப் புடிச்சிருக்கணும், புஷ் (ஸ்லீவுக்கும் ஆர்முக்கும் நடுவுல இருக்குற வளையம்) மட்டும்தான் ஸ்லீவ் மேல சுத்தணும். இங்க ஸ்லீவே போல்ட் மேல சுத்தியிருக்கு, அந்த போல்ட் மாட்டுற சேசிஸ் பிராக்கெட் ஓட்டையும் லேசா நீளவாக்குல ஆயிருக்கு. இதுல அலைன்மென்ட் வேற பண்ணியிருக்கீங்க, அதுதான் எனக்கு சிரிப்பா வருது, ஸ்கீய உள்ள தள்ளி அளந்தா ஒரு அளவு, வெளிய இழுத்து அளந்தா வேற அளவு, எத நம்பி டை ராட செட் பண்ணீங்க?

புஷ் தேய்மான பொருள், வாரண்டி கிடையாதுன்னு போன்ல சொன்னாங்க. புஷ் தேயட்டும் சார், பிராக்கெட் ஓட்டையும் தேய்மான பொருளா? முதல் சர்வீஸ்ல சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் டார்க் (இறுக்கம்) பாத்தாச்சுன்னு டிக் போட்ட உங்க பேப்பர் என்கிட்ட இருக்கு.

பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், அலைன்மென்ட் இதுக்கெல்லாம் வாங்குன காசு, லேபரோட சேத்து திரும்ப வேணும். கீழ் ஆர்ம் புஷ், ஸ்லீவ், போல்ட் உங்க செலவுல மாத்தணும், பிராக்கெட்ட அளந்து பாத்து மாத்தணுமா வேணாமான்னு எழுதிக் குடுக்கணும், ஓட்டை பெருசா இருக்கும்போது புது புஷ் மட்டும் போட்டா கொஞ்ச நாள்ல மறுபடி இதே கதைதான். கழட்டுற பார்ட்ஸ் எல்லாம் என் கைக்கு வரணும். இந்த தடவ என் முன்னாடி ஸ்கீய தூக்கி ஆட்டி, ஆட்டம் எங்கன்னு காட்டினதுக்கு அப்புறம் ஸ்பேனர எடுத்தா போதும்.

போட்டோ, வீடியோ, ரெண்டு பில்லு, அந்த டிக் போட்ட பேப்பர் எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன். பதில மெயில்ல எழுதி அனுப்புங்க, போன்ல "பாக்கறோம் சார்" வேணாம்.

இப்படிக்கு,
வண்டி ஓனர்