முருகேசனுக்கு, கீழக்கரையிலிருந்து

கீழக்கரை,
வெள்ளிக்கிழமை

அன்பு மச்சான் முருகேசனுக்கு,

ஜமால் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் கேட்டிருக்கலாம். அதை விட்டு நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய் என்றால் எத்தனை ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று புரிகிறது. அதனால் நானும் போனில் பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15-இல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரைக்கும் கரையில்தான். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போய்வருகிறார்கள், அதனால் மீன் விலை கேட்கவே முடியவில்லை. அப்பா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எப்போதும்போல விடியலில் கிளம்பிவிடுகிறார்கள். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயிலிலேயே போய்வர முடிகிறது. நீ ஒரு தடவை குடும்பத்தோடு வர வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

சர்க்கரையால் கிட்னி பாதித்தவர்களுக்கென்று ஒரு புது மாத்திரை, அதன் மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது விற்பனைக்கு வரும் முன் நிறையப் பேரிடம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில், சேருகிறீர்களா என்று உன் டாக்டர் கேட்டிருக்கிறார். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் மருந்தில்லாத மாத்திரை. 'அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்' என்று மருமகன் கார்த்தி குதிக்கிறான். 'வெளிநாட்டுப் புது மருந்து சும்மா கிடைக்கிறது, விடக்கூடாது' என்று தங்கச்சி சொல்கிறது. 'இவ்வளவு வருஷம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் நீ, என்ன சொல்கிறாய்?' என்று என்னைக் கேட்டிருக்கிறாய்.

தங்கச்சி நினைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கார்த்தியின் பயத்துக்காவது பதில் உண்டு, அதைக் காகிதத்தில் எழுதியே வாங்கலாம். ஆனால் புதுசு என்றால் பழசைவிட நல்லது என்ற நம்பிக்கையில் நீ கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அந்த மாத்திரை நல்லது செய்யுமா என்று அதைத் தயாரித்தவர்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள், கடையில் விற்றிருப்பார்கள். மனிதரிடம் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கடைசியில் மருந்துக்கடைக்கு வந்து சேருகிறது. மூன்றாம் கட்டம் வரை வந்த மருந்துக்கு வாய்ப்பு அதைவிட அதிகம்தான், ஆனால் அங்கேயும் நிறையக் கவிழ்ந்திருக்கின்றன.

உன் நோய்க்கே ஒரு உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படி. பார்டாக்ஸலோன் என்று ஒரு மருந்து. சர்க்கரையும் கிட்னிக் கோளாறும் இருந்த 227 பேரிடம் இரண்டாம் கட்ட ஆய்வு நடத்தினார்கள். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டுமே, உன் ரிப்போர்ட்டில் ஜிஎஃப்ஆர் என்று போட்டிருப்பார்கள், அந்த எண் நன்றாக ஏறியது. 2011-இல் முடிவு வெளிவந்தபோது பெரிய பரபரப்பு. இறங்கிக்கொண்டே போகும் எண்ணை மேலே ஏற்றும் மருந்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. உடனே 2,185 பேரை வைத்து மூன்றாம் கட்டத்துக்குப் போனார்கள். அங்கேயும் எண் ஏறத்தான் செய்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் 96 பேருக்கு இதயம் பலவீனப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது, அல்லது அதனாலேயே உயிர் போனது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட பக்கம் அது 55. 2012 அக்டோபரில் ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட அந்தப் பாதிப் பேர் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கெடுதல் தெரிந்தே இருக்காது. கிட்னி நோயாளிகளுக்கு இதயக் கோளாறு வருவது சகஜம்தானே, நோயின் போக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். 'எனக்கு டம்மி மாத்திரை வந்துவிட்டால்?' என்று எழுதியிருந்தாயே மச்சான், டம்மி கிடைத்தவர்களுக்கு அந்த ஆய்வில் அதுதான் நல்லதாக முடிந்தது. எது யாருக்கு நல்லது என்று முன்கூட்டித் தெரியாததால்தான் குலுக்கல் போடுவதுபோல் ஆளைப் பிரிக்கிறார்கள். யாருக்கு எந்த மாத்திரை விழுந்தது என்று டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உனக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் மட்டும் எந்த மாத்திரை என்று பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

நேர்மாறாக நடந்ததையும் சொல்கிறேன். நீ தினமும் போடும் லோசார்டான் என்ற பிரஷர் மாத்திரைக்கும் இதே மாதிரிதான் ஆய்வு நடந்தது. 1,513 பேர், அதில் 762 பேருக்கு டம்மி. மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டு 2001-இல் முடிவு சொன்னார்கள்: கிட்னி முழுதாகச் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போகும் ஆபத்து 28 சதவீதம் குறைகிறது என்று. உன் சர்க்கரை மாத்திரை டபாக்ளிஃப்ளோசின் கதை இன்னும் அருமை. 4,304 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இதற்கு மேல் பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது தப்பு என்று 2020-இல் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் இங்கே அதன் முதல் காப்புரிமையும் முடிந்தது, விலை மளமளவென்று இறங்கியது. இன்றைக்கு நீ சாதாரணமாக வாங்கிச் சாப்பிடுகிறாய். முகம் தெரியாத அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டதால் வந்த மாத்திரை அது.

நம் பக்கத்திலேயே நடந்தது ஒன்று உண்டு. என் பெரியவாப்பாவுக்குக் காசநோய் வந்தபோது தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டார்கள், குடும்பமே இடிந்துபோனது என்று உம்மா சொல்வார்கள். அப்போதெல்லாம் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இல்லாமல் அந்த நோய் குணமாகாது என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். 1956-இல் மெட்ராஸில் ஒரு ஆய்வு மையம் ஆரம்பித்து 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், ஒரு பாதி சொந்த வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். வீடு என்றால் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் ஏழை வீடு. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக ஒட்டவும் இல்லை. அதன் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மெட்ராஸ் சேரிகளில் இருந்த ஏழைகள் ஒத்துக்கொண்டதால் கிடைத்த பதில் அது. அவர்களை எலி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனாலும் கார்த்தியின் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். பெற்றோரைக் கேட்காமல் ஹாஸ்டல் வார்டன்களே பல பிள்ளைகளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தது பின்னால் தெரிந்தது. அடுத்த வருஷம் அரசே அதை நிறுத்தியது, பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. இப்படி நடந்ததாலும், சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு போனதாலும்தான் சட்டம் இறுகியது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளைக் கார்த்தி இணையத்தில் எடுத்துப் படிக்கட்டும். படித்த பிள்ளை, கோபப்படுவதைவிட அது உனக்கு உபயோகமாக இருக்கும்.

உனக்குத் தரும் தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி 'இங்கே கையெழுத்து' என்றால் எழுந்து வந்துவிடு. கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உன் கையில் இருக்க வேண்டும். ஆய்வு மருந்தால் உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியச் செலவு முழுக்க ஆய்வு நடத்துகிறவர்களுடையது, பாதிப்புக்கு நஷ்டஈடும் உண்டு. அது தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், நீ விலகிக்கொள்ளலாம், அதற்காக உன் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆய்வில் சேருகிறவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கும். குறைந்தது ஏழு பேர், அதில் ஒரு பெண், சட்டம் தெரிந்த ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய போன் நம்பரும் தாளில் இருக்கும். ஒரு தடவை கூப்பிட்டுப் பார். எடுத்துப் பேசுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கென்று சிடிஆர்ஐ என்ற பதிவேடு இருக்கிறது, அதில் இந்த ஆய்வின் பதிவு எண்ணையும் கேள். சிடிஆர்ஐ என்று ஆரம்பித்து, வருஷம், மாதம், அப்புறம் ஒரு எண் என்று போகும். 2009-லிருந்து பதிவு செய்யாமல் எந்த ஆய்வும் இங்கே நடத்தக் கூடாது. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேர் என்று எல்லாம் வரும். எண் இல்லை, அப்புறம் தருகிறோம் என்றால் சேராதே.

இதையெல்லாம்விட முக்கியமாக டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியது, 'இப்போது நான் சாப்பிடும் லோசார்டானும் டபாக்ளிஃப்ளோசினும் தொடருமா?' என்பது. புது மாத்திரை அவற்றுக்கு மேலே கூடுதலாக வருகிறது என்றால், டம்மி பக்கம் விழுந்தாலும் உனக்கு நஷ்டமில்லை. அவற்றை நிறுத்திவிட்டு என்றால் எனக்குச் சம்மதமில்லை, யார் சொன்னாலும். ஆய்வு முடிந்த பிறகு மருந்து பலன் தந்திருந்தால் உனக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேட்டுவை. சில சூழ்நிலையில் இலவசமாகத் தர விதியில் இடம் இருக்கிறது.

சேர்ந்துவிட்டால் உன் பக்கத்துப் பொறுப்பும் ஒன்று உண்டு. நான் வேலையில் இருந்தபோது சங்கு குளிக்கிற ஒருவர் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். கேட்டால் ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன் என்பார். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தபோது கூடவே மாத்திரை அட்டை வந்து விழுந்தது. உப்புத்தண்ணீர் பட்டு ஊறி, ஒரு குழிகூட உடைபடாமல். திட்டுவேன் என்ற பயத்தில் அத்தனை மாதம் மறைத்திருக்கிறார். ஆய்வில் மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கி எண்ணிப் பார்ப்பார்கள். சாப்பிட மறந்தால் மறந்தேன் என்று சொல். வயிறு சரியில்லை, கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, எதுவானாலும் சொல். நீ மறைத்தால் உனக்கும் ஆபத்து, உனக்குப் பின்னால் அந்த மாத்திரையை வாங்கப் போகிறவர்களுக்கும் தப்பான பதில் போய்ச்சேரும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கிட்னிக்கு நல்லது என்று யாரோ கொடுத்த கடற்பாசிப் பவுடரைச் சாப்பிடுவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். உடனே நிறுத்து. நம் கடலில் மருந்துக்கான சரக்கு இருக்காது என்று சொல்லவில்லை. கரீபியன் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து பிறந்த யோசனையில்தான் சைட்டராபின் வந்தது, 1969-லிருந்து ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அது எல்லாக் கட்டத்தையும் தாண்டி வந்த மருந்து. உன் பவுடரை யார், எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள்? டாக்டர் கண்காணிப்பில், ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரைக்கு வீட்டில் இவ்வளவு சண்டை. ஒருவரும் பரிசோதிக்காத பவுடரை எல்லாருமாகச் சேர்ந்து உனக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. இளநீரும் அப்படித்தான். குளிர்ச்சி என்று தினமும் குடிக்காதே, அதில் பொட்டாசியம் அதிகம். லோசார்டான் சாப்பிடும் பழுதான கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, அது கூடிப்போனால் இதயத் துடிப்பையே கெடுத்துவிடும்.

என் முடிவைக் கேட்டாய். நான் சொன்னதெல்லாம் தாளில் சரியாக இருந்தால், பழைய மாத்திரைகள் தொடர்ந்தால், நான் உன் இடத்தில் இருந்தால் சேருவேன். குணமாகிவிடும் என்று நம்பி இல்லை. சேர்ந்தால் மாதாமாதம் உன்னை ஒழுங்காகப் பார்ப்பார்கள். அப்புறம், இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், இதே வியாதி நாளைக்கு நம் பிள்ளைகளுக்கும் வரக்கூடியது. சேர வேண்டாம் என்று நீ முடிவெடுத்தாலும் அது சரியான முடிவுதான், டாக்டர் முகம் கோணுமே என்று சங்கடப்பட வேண்டாம்.

அந்தத் தாளை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. படித்துவிட்டு அடுத்த வாரமே மதுரைக்கு வருகிறேன், இன்ஷா அல்லாஹ், டாக்டரிடம் சேர்ந்தே போவோம். கார்த்தியையும் கூட்டிக்கொள், அவன் கேட்கும் கேள்விகள் தேவைப்படும். தங்கச்சி நெத்திலிக் கருவாடு கேட்டிருந்தது, கொண்டு வருகிறேன். அது தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். உனக்கு அந்த உப்பு ஆகாது.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
ஜமால்