மூட் கோர்ட் போட்டிக்குப் போகும் நம் அணி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான சர்வதேசச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு இந்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து ஓர் அணி போகிறது. ‘மூட் கோர்ட்’ என்ற பெயரில் பிள்ளைகள் இதை வீட்டில் சொல்லியிருப்பார்கள். அணியில் இடம் பெற்றவர்களின் பெற்றோருக்கும், பெயர் கொடுத்து இந்த முறை இடம் கிடைக்காதவர்களின் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இடம் கிடைக்காதவர்களும் பயிற்சிக்கு வரலாம். எதிரணி இல்லாமல் பயிற்சி நடக்காது.

பேச்சுப் போட்டி மாதிரிதானே என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. பேச்சுப் போட்டியில் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். இங்கே நீதிபதிகள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வரும். தயாரித்து வைத்த உரையில் பாதிகூட வாய்க்கு வராமல் நேரம் முடிந்துபோகும். நன்றாகப் பேசும் பிள்ளைகளைவிட, நன்றாகக் காது கொடுத்துக் கேட்கும் பிள்ளைகள் இதில் தேறுவார்கள் என்பது என் எண்ணம். தேர்விலும் அதைத்தான் பார்த்தோம்.

போட்டி நடக்கும் முறை இதுதான். இரண்டு கற்பனை நாடுகளுக்கு இடையே ஒரு தகராறு. இரண்டும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகின்றன. நிஜத்தில் அந்த நீதிமன்றம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், அமைதி அரண்மனையில் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தால் 1945-இல் ஏற்பட்டு, 1946-இல் வேலையைத் தொடங்கியது. நீதிபதிகள் 15 பேர். ஒவ்வொருவருக்கும் 9 ஆண்டு பதவிக்காலம். அங்கே நாடுகள் மட்டுமே வழக்காட முடியும், அதுவும் இரு தரப்பும் ஏதாவது ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான். போட்டியில் அந்த ஒப்பந்தம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகள் முதலில் எழுத்து வாதத்தைத் தயாரிக்க வேண்டும். அதை மெமோரியல் என்பார்கள். மனுதாரர் நாட்டுக்கு ஒன்று, எதிர்மனுதாரர் நாட்டுக்கு ஒன்று என இரண்டு மெமோரியல்களையும் ஒரே அணிதான் எழுத வேண்டும். வாய்மொழிச் சுற்றுகளிலும் ஒரு சுற்றில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம். முந்தின சுற்றில் தான் அடித்துச் சொன்னதையே அடுத்த சுற்றில் உடைக்க வேண்டியிருக்கும்.

பெற்றோர்களில் சிலருக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. “நம்பாத ஒன்றுக்காக வாதாடச் சொல்வது பொய் சொல்லப் பழக்குவது ஆகாதா?” நியாயமான கேள்வி. இதற்கு ஒரு நிஜ வழக்கையே பதிலாகச் சொல்கிறேன். சர்வதேச நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கு கோர்ஃபு கால்வாய் வழக்கு. 1946 அக்டோபரில், அல்பேனியக் கடற்பகுதியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் மோதின. 40-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே பிரிட்டன், அல்பேனியாவின் அனுமதி இல்லாமல், அங்கே போய்க் கண்ணிவெடிகளை அகற்றியது. இத்தனை உயிர் போன பிறகு யார் பக்கம் நியாயம் என்பதில் என்ன சந்தேகம் என்று தோன்றும். ஆனால் 1949-இல் வந்த தீர்ப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தது. தன் கடலில் கண்ணி வைக்கப்பட்டது அல்பேனியாவுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது, எச்சரிக்காமல் விட்டதற்கு அதுவே பொறுப்பு என்றது. பிறகு, அனுமதியில்லாமல் போய்க் கண்ணி அகற்றியது அல்பேனியாவின் இறையாண்மையை மீறிய செயல் என்றும் சொன்னது. பிரிட்டனின் துயரத்தை மட்டும் படித்த மாணவருக்கு இந்தத் தீர்ப்பின் இரண்டாம் பாதி எட்டவே எட்டாது.

பொய் சொல்வதற்கு இந்தப் போட்டியில் இடமும் இல்லை. வழக்கின் விவரங்களை எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதில் இல்லாத ஒரு சம்பவத்தைச் சேர்க்கக் கூடாது. “இந்தத் தகவல் எந்தப் பத்தியில் இருக்கிறது?” என்று நீதிபதி கேட்டால் பத்தி எண்ணைச் சொல்லத் தெரிய வேண்டும். பாதகமான விவரத்தை மறைக்கவும் வழியில்லை, எதிரணியின் கையிலும் அதே தாள்தான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று மரியாதையாகச் சொல்வதையும் பழக்குகிறோம். சுற்றி வளைத்துப் பேசினால் இன்னும் நாலு கேள்வி விழும்.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் கறார் உண்டு. சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டத்தில் (Statute) 38-ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது: நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள், சட்டம் என்று ஏற்று நாடுகள் கடைப்பிடிக்கும் வழக்காறு, சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள். தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்தும் துணைக்குத்தான். கூகுளில் முதலில் வந்து விழும் பக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. உடன்படிக்கைகளை எப்படிப் படித்துப் பொருள் கொள்வது என்பதற்கு 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைப் பிள்ளைகள் இப்போதே கையில் வைத்திருக்கிறார்கள். வீட்டில் நீங்கள் ஏதாவது சொல்லும்போது “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு வேண்டுகோள், கண்டிப்பாகவே சொல்கிறேன். மெமோரியலில் ஒரு வரிகூட நீங்கள் எழுதித் தர வேண்டாம். உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசை இருக்கும். வெளியாட்கள் எழுதிக் கொடுப்பது விதிக்குப் புறம்பு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்குவதையும் அதே கணக்கில்தான் நாங்கள் வைக்கிறோம். நடக்காத வழக்குக்குக்கூட அது பெயரும் ஆண்டும் போட்டுத் தந்துவிடும். நீதிபதி முன்னால் நிற்கும்போது மாட்டிக்கொள்வது பிள்ளைதான். இன்னொன்று: அணிகளுக்கு எண் மட்டும்தான். எந்தப் பள்ளி என்பது நீதிபதிகளுக்குத் தெரியக் கூடாது. அதனால் போட்டி முடியும்வரை அணியின் படத்தையோ எண்ணையோ வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

படிப்பு கெடுமா? பொதுத்தேர்வு வகுப்பினரை இந்த முறை எடுக்கவில்லை. பயிற்சி பள்ளி நேரத்துக்குப் பிறகுதான். பருவத் தேர்வு வாரத்தில் பயிற்சி கிடையாது. அதற்குமேல் உறுதி தர முடியாது. எழுத்து வாதம் கொடுக்க வேண்டிய கடைசி நாட்கள் நெருக்கடியாகத்தான் இருக்கும். பரிசு கிடைக்கும் என்றும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. முதல் முறை போகிறோம், முதல் சுற்றோடு திரும்பினாலும் எனக்கு வருத்தமில்லை.

உங்களிடமிருந்து வேறொரு உதவி வேண்டும். சனிக்கிழமைப் பயிற்சியில் நீதிபதிகளாக உட்கார மூன்று மூன்று பேராகப் பெற்றோர் தேவை. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. வழக்கு விவரத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்து, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டால் போதும். உங்கள் பிள்ளை பேசும் சுற்றில் மட்டும் உங்களுக்கு இடமில்லை. இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில் உங்களுக்கு வசதியான சனிக்கிழமையைக் குறித்து, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்