அலசினால் 'அபவுட்' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் மாணவர் பக்கங்களிலும் போட்டித் தேர்வுப் பக்கங்களிலும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பொருளாகப் போடுவது வழக்கமாக இருக்கிறது. 'டிஸ்கஸ்' என்றால் விவாதி, 'மென்ஷன்' என்றால் குறிப்பிடு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. பொருள் சரிதான். ஆனால் அந்த வினை எந்த வேற்றுமையை ஏற்கும் என்பதை விட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒரு விஷயத்தைப் பேச்சில் எடுக்க வேண்டிய இடத்தில், நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட முதல் வாக்கியத்திலேயே சறுக்குகிறார்கள்.

'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ராப்ளம்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'விவாதி' என்றதும் 'பற்றி', 'குறித்து' இரண்டில் ஒன்று தானாக வந்து நிற்கும். அந்தப் 'பற்றி'யைத்தான் 'அபவுட்' ஆக்கி ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகிறோம். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' செயப்படுபொருளை நேராகவே ஏற்கும் வினை. 'வீ டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்' என்பதோடு வாக்கியம் முடிந்தது. வகுப்பில் இதற்கு 'அலசு' என்று பொருள் சொல்லிப் பாருங்கள். 'நாலு பேர் உட்கார்ந்து பிரச்சினையை அலசினோம்' என்று சொல்லும்போது இரண்டாம் வேற்றுமை 'ஐ' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'அபவுட்' தானாக உதிர்ந்துவிடும். 'மென்ஷன்' அதற்கும் எளிது. விலையைக் குறிப்பிட்டார், பெயரைக் குறிப்பிட்டார் என்றுதானே சொல்கிறோம்? ஆகவே 'ஹி மென்ஷன்ட் த ப்ரைஸ்'. 'மென்ஷன்ட் அபவுட்' தவறு. 'டாக்', 'ஸ்பீக்' இரண்டும் பேசு என்ற பொருள் கொண்டவை. விலையைப் பேசினோம் என்றால் பேரம் என்று ஆகிவிடும். விலையைப் பற்றிப் பேசினோம் என்பதே இங்கே பொருள். அதனால் இவற்றுக்கு 'அபவுட்' கட்டாயம் வேண்டும்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எனக்கு விளக்கினார்', 'எனக்குச் சொன்னார்' இரண்டிலும் தமிழில் 'கு' இருக்கிறது. ஆங்கிலத்திலோ 'எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ', 'டோல்ட் மீ' என்று பிரிகிறது. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வேண்டாத 'அபவுட்', 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு வேண்டும். 'எ டிஸ்கஷன் அபவுட் த ஃபீஸ்' முழுக்கச் சரி. 'டிஸ்கஸ் அபவுட்' தப்பு என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தபின், 'டிஸ்கஷன்' வந்த இடத்திலும் அதை நீக்கிவிட்டு விழிக்கும் மாணவர்கள் உண்டு. தமிழிலும் இதே கணக்குத்தான்: கட்டணத்தை அலசினோம் என்று சொல்லலாம், 'கட்டணத்தை அலசல்' என்று சொல்ல முடியாது, கட்டணம் பற்றிய அலசல் என்றுதான் வரும். 'எம்ஃபசைஸ்' (வலியுறுத்து) வினைக்கு 'ஆன்' கிடையாது, 'எம்ஃபசிஸ்' (அழுத்தம்) பெயர்ச்சொல்லுக்கு உண்டு. வங்கித் தேர்வு மாதிரியான தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் இந்த வகைப் பிழைகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன.

அடுத்த குழப்பம் 'ரைஸ்', 'அரைஸ்', 'ரெய்ஸ்' மூன்றிலும். 'ஹி ரோஸ் த இஷ்யூ', 'எ கொஸ்சன் வாஸ் அரோஸ்' என்று எழுதுகிறவர்களுக்குத் தமிழ் இலக்கணமே விடை தருகிறது. கேள்வி எழுந்தது, தன்வினை: 'எ கொஸ்சன் அரோஸ்'. கேள்வியை எழுப்பினார், பிறவினை: 'ஷி ரெய்ஸ்ட் எ கொஸ்சன்'. எழுவதற்கு இன்னொருவர் வேண்டியதில்லை, எழுப்புவதற்கு வேண்டும். தானாக எழுந்ததற்கு 'வாஸ்' போட்டுச் செயப்பாட்டுவினை ஆக்க முடியாது. எழுப்பப்பட்டதற்கு முடியும்: 'எ கொஸ்சன் வாஸ் ரெய்ஸ்ட்'.

இதே ஜோடிதான் 'கம் அப்', 'ப்ரிங் அப்' இரண்டும். பேச்சு வந்தது, பேச்சை எடுத்தான். கல்யாணப் பேச்சு வந்தது என்றால் 'த டாபிக் ஆஃப் மேரேஜ் கேம் அப்'. அவன்தான் எடுத்தான் என்றால் 'ஹி ப்ராட் இட் அப்'. பேச்சை எடுத்தான் என்பதை அப்படியே பெயர்த்து 'ஹி டுக் த டாபிக்' என்று சொன்னால் ஆங்கிலக்காரருக்கு விளங்காது. 'ப்ரிங் அப்' சொல்லும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'இட்', 'தட்' மாதிரிச் சிறிய சொல் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'ப்ரிங் இட் அப்'. 'ப்ரிங் அப் இட்' தவறு. 'த ஃபீஸ்' போன்ற பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். நீளமான தொடராக இருந்தால் கடைசியில் வைப்பதே காதுக்கு இதம். இறந்தகாலத்தில் 'ப்ராட்' என்பதில் உள்ள 'ர'வை விழுங்கினால் 'பாட் அப்' ஆகி, மொத்தமாக வாங்கிக் குவித்தான் என்று பொருள் மாறிவிடும்.

'டேக் அப்' வேறு. மேலாளரிடம் கொண்டுபோய் ஒரு முடிவு கேட்பதற்கு 'ஐ வில் டேக் இட் அப் வித் த மேனேஜர்'. பேச்சுவாக்கில் சொன்னதற்கு 'மென்ஷன்ட் இட் இன் பாஸிங்'. எடுக்கவே தயங்கும் விஷயத்தை மெல்ல எடுப்பதற்கு 'ப்ரோச்' என்று தனிச் சொல் உண்டு. 'கோச்' போல உச்சரிக்க வேண்டும்.

இலக்கணம் சரியாக இருந்தும் கெடும் இடம் தொனி. நேர்காணலின் முடிவில் 'ஐ வான்ட் டு டிஸ்கஸ் மை சாலரி' என்றால் பிழை எதுவும் இல்லை, ஆனாலும் முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ அபவுட் த சாலரி' என்றால் தணிந்துவிடும். ஆசை இப்போதுதான் இருக்கிறது, சொல் மட்டும் இறந்தகாலத்தில். இது நமக்குப் புதிதில்லை. வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர், 'ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்' என்றுதானே தொடங்குகிறார்? கேட்க வேண்டியது இன்னும் வாயில்தான் இருக்கிறது. இந்தப் பணிவை ஆங்கிலத்திலும் அப்படியே காட்டலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளின் தயக்கம் பாதி போய்விடும். அதே நேரம், முக்கியமான கோரிக்கையை 'பை த வே' என்று தொடங்கக் கூடாது. அது 'அட, சொல்ல மறந்துட்டேன்' என்பது போன்றது. கேட்கிறவர் அதைச் சில்லறை விஷயமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

மின்னஞ்சலில் 'குறித்து' என்ற பொருளில் எழுதும் 'வித் ரிகார்ட் டு' என்பதில், 'ரிகார்ட்' சொல்லின் கடைசியில் 'ஸ்' கிடையாது. 'ஸ்' சேர்ந்த 'ரிகார்ட்ஸ்' கடிதத்தின் கீழே வரும் வாழ்த்து. 'ஆஸ் ரிகார்ட்ஸ்' என்பதில் மட்டும் அது வினை என்பதால் 'ஸ்' உண்டு. 'ரிகார்டிங் அபவுட்' என்றால் 'பற்றி'யை இரண்டு முறை சொன்னதாகும். 'சப்ஜெக்ட்' வரியின் கடைசியில் 'ரிகார்டிங்' என்பதைச் சுருக்கி 'ரெக்.' போடுவது நம் அலுவலக வழக்கம், வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது தேவையில்லை.

அமெரிக்கர்களோடு வேலை செய்கிறவர்கள் 'டேபிள்' என்ற வினையைத் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனிலும் இங்கும் அதற்கு விவாதத்துக்கு முன்வைப்பது என்று பொருள். சட்டமன்றத்தில் அறிக்கையைத் தாக்கல் செய்வது அந்தப் பொருளில்தான். அமெரிக்காவிலோ விவாதத்தைத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுத் தளபதிகளும் இந்த ஒரு சொல்லால் வெகுநேரம் முட்டிக்கொண்டதாகச் சர்ச்சிலே எழுதிவைத்திருக்கிறார். இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் வினைச்சொல்லுக்குப் பொருள் தரும்போது 'விவாதி' என்று நிறுத்தாமல், '(ஒன்றை) அலசு', '(ஒன்றைக்) குறிப்பிடு', '(ஒன்றைப் பற்றிப்) பேசு', '(ஒருவருக்கு ஒன்றை) விளக்கு' என்று வேற்றுமையோடு அச்சிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு சொல் இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.